மேடைக்கு மாலை, மேசைக்குப் பட்டினி

தை பிறந்துவிட்டால் போதும். உலகின் நான்கு திசைகளிலும் வாழும் நம்மவர்க்கு 'மரபு' என்னும் சொல் நினைவுக்கு வந்துவிடும். கனேடிய நாடாளுமன்றம் 2016ஆம் ஆண்டு ஒக்டோபரில், ஜனவரி மாதத்தைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றுத் தீர்மானம் நிறைவேற்றிய பின்னர் இந்நினைவுக்கு ஓர் அரச முத்திரையும் கிடைத்துவிட்டது. மண்டபங்கள் வாடகைக்கு எடுக்கப்படுகின்றன. குத்துவிளக்கு ஏற்றப்படுகிறது. பட்டு வேட்டிகளும் சேலைகளும் பெட்டிகளிலிருந்து வெளியே வருகின்றன. தமிழறியாத பிரமுகர் ஒருவர் 'வணக்கம்' என ஒரேயொரு சொல்லைத் தட்டுத்தடுமாறிச் சொல்ல, மண்டபம் அதிரக் கரகோஷம் எழுகிறது. விழா முடிந்ததும் மரபு மறுபடியும் பெட்டிக்குள் போய்விடுகிறது.

கொண்டாடுவதில் என்ன குற்றம் என்று நீங்கள் கேட்கலாம். கொண்டாடுவதில் குற்றமில்லை. ஆனால் நமது மரபை இந்த நூற்றாண்டுவரை சுமந்து வந்தவை விழாக்கள் என்று எண்ணிக்கொள்வதுதான் குற்றம். சுமந்து வந்தது வேலை. ஏடு பெயர்த்தல், பிழை திருத்துதல், மொழிபெயர்த்தல், அச்சுக் கோத்தல், செய்தி தேடுதல், தேடியதைத் தெளிந்த தமிழில் எழுதுதல் ஆகிய, கைதட்டல் கிடைக்காத வேலைகள். அந்த வேலைக்குக் கூலி கொடுக்க மறுத்து, அதன் பெயரால் எடுக்கப்படும் விழாவுக்கு மட்டும் அள்ளிச் செலவிடும் சமூகம் தன் மரபைக் காக்கிறது என்று நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். அது மரபின் படத்துக்கு மாலை போடுகிறது. படத்துக்கு மாலை எப்போது போடுவது வழக்கம் என்பதை நான் உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழ்ப் பத்திரிகைகளின் ஆசிரியபீடங்களிலே காலம் கழித்தவன் நான். ஒப்புநோக்காளனாகச் சேர்ந்து, படிப்படியாக மேலே வந்தவன். எனவே இது வேலையிழந்த கிழவன் ஒருவனின் மனத்தாங்கல் என்று சிலர் ஒதுக்கிவிடக்கூடும். எனக்கு இனிமேல் எவரும் எதுவும் தரவேண்டியதில்லை. நான் பேசுவது எனக்குப் பின் அந்த மேசையில் அமரவேண்டிய பிள்ளைகளைப் பற்றி.

மரபை ஆக்கியவர்கள்

நாம் மேடைகளில் பெருமையோடு உச்சரிக்கும் பெயர்களை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை என்ன செய்தார்? அரச உத்தியோகம் பார்த்துக்கொண்டே, கறையான் தின்ற ஏடுகளைத் தேடி அலைந்து, பிரதிக்குப் பிரதி ஒப்பிட்டு, 1881இல் வீரசோழியத்தையும் 1887இல் கலித்தொகையையும் அச்சேற்றினார். ஆறுமுக நாவலர் சைவப் பிரசங்கம் செய்தார் என்பதை அறிவோம். அவர் 1849இல் வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் ஒன்றை நிறுவி, பிழையற்ற பதிப்பு என்றால் என்னவென்று தமிழுலகுக்குக் காட்டியதை எத்தனை பேர் நினைக்கிறோம்? விபுலாநந்த அடிகள் 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். 1947இல் வெளிவந்த அவரது யாழ் நூல் நெடுங்கால உழைப்பின் விளைவு. இவர்கள் எவரும் விழா எடுத்து மரபைக் காத்தவர்கள் அல்லர். மேசையிலே குனிந்து கண்பார்வையைத் தேய்த்தவர்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 'உலகமயமாதல் வந்தது, நமது மொழி போயிற்று' என்பது இப்போது எல்லோரும் ஓதும் ஒப்பாரி. உலகம் நம்மிடம் நேற்றுத்தான் வந்ததா? யாழ்ப்பாணத்தின் முதற் பத்திரிகையாகிய உதயதாரகை 1841ஆம் ஆண்டு ஜனவரியில் வெளிவந்தபோது, அதனை வெளியிட்டது அமெரிக்க மிஷன். பத்திரிகை என்னும் வடிவமும், அதை நடத்தும் முறையும் கடல் கடந்தே வந்தன. அதே மிஷனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் இங்கு வந்து, மானிப்பாயில் வைத்தியம் செய்து, மேலைத்தேய மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, தமிழிலேயே மருத்துவ மாணவர்களைப் பயிற்றுவித்தார். உள்ளூர் உதவியாளர்கள் அவருக்கு உடலுறுப்புகளுக்கும் நோய்களுக்கும் தமிழ்ப் பெயர் தேடிக் கொடுத்தார்கள். அறுவைச் சிகிச்சை பற்றித் தமிழில் படித்து வைத்தியரானவர்கள் வாழ்ந்த மண் இது.

உலகம் வந்தது, நாம் அதற்கு வேலையாலே பதில் சொன்னோம். அன்று நம்மிடம் மின்சாரம் இல்லை, கணினி இல்லை, வெளிநாட்டில் உறவினர் இல்லை. இன்று இவை யாவும் இருக்க, வேலை செய்ய மட்டும் ஆளில்லை என்றால், பழியை உலகத்தின் தலையில் போடுவது எங்ஙனம் நியாயமாகும்?

ஒரு சொல்லின் விலை

'பத்திரிகைத் தமிழ் என்ன பெரிய விடயம், எப்படி எழுதினாலும் விளங்கினாற் போதாதா' என்பவர்கள் உண்டு. அவர்களுக்காக ஆசிரியபீடத்தின் உள்ளே நடப்பது பற்றிச் சிறிது கூறவேண்டும்.

எங்கள் காலத்தில் வெளிநாட்டுச் செய்திகள் தொலையச்சுப் பொறியிலே ஆங்கிலத்தில் வந்து விழும். அரசாங்க அறிக்கைகளும் பெரும்பாலும் ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ வரும். இரவு பத்து மணிக்கு வந்த செய்தி, அச்சுக்குப் போகும் முன் தமிழாக வேண்டும். அகராதியில் இல்லாத சொல்லுக்கு அந்த இரவே ஒரு சொல் காணவேண்டும். அந்தச் சொல் மறுநாட் காலை பல்லாயிரம் வீடுகளுக்குப் போகும். ஒரு வாரத்தில் ஊர் வழக்காகிவிடும். ஒரு மாதத்தில் அரசியல்வாதியின் வாயிலே வரும்.

1987இல் இலங்கை அரசியலமைப்பின் பதின்மூன்றாவது திருத்தம் வந்தபோது, 'அதிகாரப் பகிர்வு', 'அதிகாரப் பரவலாக்கம்' என இரண்டு தொடர்கள் புழங்கின. இரண்டும் ஒன்றென நினைப்பவர் இன்றும் உளர். ஒன்றல்ல. முதலாவதில், மத்தி தனது அதிகாரத்தின் ஒரு பகுதியைச் சட்டப்படி மாகாணத்தின் கையில் ஒப்படைக்கிறது. இரண்டாவதில், அதிகாரம் மத்தியிடமே இருக்க, அதன் அலுவலர்கள் மட்டும் ஊரூராக அமர்ந்து அதனைச் செலுத்துகிறார்கள். தலைப்பு எழுதும் உதவியாசிரியர் அவசரத்தில் ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் போட்டுவிட்டால், வாசகன் தனக்குக் கிடைத்தது என்ன, கிடைக்காதது என்ன என்று அறியாமலே உறங்கிவிடுவான்.

பின்னாளிலும் இது தொடர்ந்தது. 2017 செப்ரெம்பரில் அரசியலமைப்புச் சபையின் வழிநடத்தற் குழு வெளியிட்ட இடைக்கால அறிக்கை, நாட்டின் தன்மையைக் குறிக்கச் சிங்களத்தில் 'ஏக்கிய ராஜ்ய' என்றும் தமிழில் 'ஒருமித்த நாடு' என்றும் எழுதியது. இவ்விரண்டும் ஒரே பொருளைத் தருகின்றனவா, 'ஒற்றையாட்சி' என்பது வேறு உருவில் வருகிறதா என்று மாதக்கணக்கில் விவாதம் நடந்தது. ஓர் இனத்தின் அரசியல் எதிர்காலம் ஒரு சொல்லின் பொருளிலே தொங்கியது.

இவை எல்லாவற்றிலும் கனமான சொல் ஒன்று உண்டு. உறவுகளைத் தேடும் தாய்மார் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வீதியோரத்தில் கொட்டகை போட்டுத் தொடர் போராட்டத்தில் அமர்ந்தார்கள். அவர்கள் தமது பிள்ளைகளைக் 'காணாமல் போனோர்' என்று அழைக்க மறுத்தார்கள். 'காணாமல் ஆக்கப்பட்டோர்' என்றார்கள். பேனா காணாமல் போகும். ஆட்டுக்குட்டி காணாமல் போகும். கையளிக்கப்பட்ட மனிதன் தானாகக் காணாமல் போகமாட்டான். ஒரு வினைச்சொல் மாறியவுடன், செய்தவன் ஒருவன் இருக்கிறான் என்பது வாக்கியத்துக்குள்ளே வந்து நின்றுவிடுகிறது. ஆயினும், 2016ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த அலுவலகத்தின் தமிழ்ப் பெயரில் இருப்பது 'காணாமற்போன' என்பதே. இந்த இரண்டு சொற்களுக்கும் இடையிலுள்ள தூரத்தை ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு செய்தியிலும் காத்து நிற்பவர் யார்? குறைந்த சம்பளத்தில் பிழை திருத்தும் ஒரு பெண்பிள்ளை. அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டால், அந்தத் தாய்மாரின் சொல்லையும் சேர்த்தே அனுப்பிவிடுகிறீர்கள்.

இயந்திரம் பார்த்துக்கொள்ளுமா?

'இதையெல்லாம் இப்போது இயந்திரம் செய்துவிடுமே' என்று என் மருமக்களின் வயதினர் சிரிக்கிறார்கள். கூகிள் நிறுவனம் 2011ஆம் ஆண்டு தனது மொழிபெயர்ப்புச் சேவையில் தமிழைச் சேர்த்தது. அன்று அது தந்த தமிழ் நகைச்சுவைக்கு உதவியது. இன்று நிலைமை வேறு. இன்றைய செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வாசிக்கத்தக்க தமிழை நொடியில் எழுதுகின்றன. அதனை நான் மறுக்கவில்லை. கிழவர்கள் கணினியைப் பழித்தது போல நானும் பழிக்கப் போவதில்லை.

என் கேள்வி வேறு. அந்த இயந்திரம் தமிழை எங்கிருந்து கற்கிறது? நாம் ஏற்கனவே எழுதி இணையத்தில் வைத்ததிலிருந்து. நாம் அங்கே வைத்திருப்பது என்ன? ஒருவர் எழுதியதை நூறு தளங்கள் எழுத்துப்பிழையோடு வெட்டி ஒட்டிய செய்திகள், சினிமா வதந்திகள், 'அதிர்ச்சித் தகவல்' என்று தலைப்பிட்டு உள்ளே ஒன்றுமில்லாத காணொளிகள். நல்ல தமிழை எழுதுபவனுக்குக் கூலி இல்லை என்றால் நல்ல தமிழ் எழுதப்படாது. எழுதப்படாததை எந்த இயந்திரமும் கற்காது. மேலும், 'காணாமல் போன', 'காணாமல் ஆக்கப்பட்ட' என்னும் இரண்டும் அதற்கு இலக்கணப்படி சரியான தமிழே. எது நியாயமான சொல் என்று கிளிநொச்சிக் கொட்டகைக்குப் போய் அது கேட்டு வராது. ஒரு நிருபர் போகவேண்டும். அவருக்குப் பேருந்துக் கட்டணம் வேண்டும்.

பிறர் வீட்டுப் பரணில் நமது சொத்தை வைத்து இழந்த கதையையும் மறக்கலாகாது. புலம்பெயர்ந்த இளைஞர்கள் ஆர்வத்தோடு கட்டிய தளங்கள் எத்தனையோ ஜியோசிற்றீஸ் சேவையில் இருந்தன. 2009 ஒக்டோபரில் யாஹூ நிறுவனம் அதனை மூடியது. பின்னர் யாஹூ குழுமங்களில் ஆண்டுக்கணக்கில் நடந்த தமிழ் உரையாடல்களின் சேமிப்பும் 2019ஆம் ஆண்டு இறுதியில் நீக்கப்பட்டது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களிலே தட்டெழுதி வைத்த பக்கங்கள், யூனிகோட் முறைக்கு மாற்றுவார் இன்றி, இன்று திறந்தால் ஆங்கில எழுத்துகளின் குப்பையாகக் காட்சியளிக்கின்றன. நெருப்பு வைப்பவன் வந்தால்தான் நூலகம் எரியும் என்பதில்லை.

நெருப்பு வைத்தும் பார்த்தார்கள். 1981 மே 31ஆம் திகதி இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் சுமார் 97,000 நூல்களோடும் கிடைத்தற்கரிய ஏடுகளோடும் எரிக்கப்பட்டது. அதே நாட்களில் ஈழநாடு பத்திரிகையின் அலுவலகமும் எரிந்தது. ஆண்டுதோறும் அந்நாளில் நாம் கண்ணீர் விடுகிறோம். நல்லது. ஆனால் எஞ்சியிருப்பதைக் காப்பாற்ற, 2005இல் ஒரு சில இளைஞர்கள் சம்பளமின்றி நூலகம் என்னும் எண்ணிமச் சேகரத்தைத் தொடங்கினார்களே, பழைய பத்திரிகைகளையும் சஞ்சிகைகளையும் பக்கம் பக்கமாக வருடி ஏற்றி வருகிறார்களே, கண்ணீர் விடுவோரில் எத்தனை பேர் அதற்கு ஆண்டுக்கு ஒரு முறையேனும் பணம் அனுப்பினோம்? எரித்தவனைச் சபிப்பது இலவசம். எஞ்சியதைக் காப்பதற்குச் செலவுண்டு. நாம் இலவசமானதைத் தெரிந்தெடுத்தோம்.

கூலி கேட்டால் குற்றமா?

சில ஆண்டுகளுக்கு முன்னர் வெளிநாட்டுச் சங்கமொன்றிலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. பெரும் விழா எடுக்கிறார்களாம். விழா மலருக்கு 'ஈழத்துப் பத்திரிகை மரபு' பற்றி நான் கட்டுரை எழுதவேண்டுமாம். அத்தோடு, மலரின் நூற்றுக்கும் மேற்பட்ட பக்கங்களையும் பிழை பார்த்துத் தரவேண்டுமாம். இரண்டு வார அவகாசம். 'தங்களது தமிழ்த் தொண்டுக்கு என்றும் கடமைப்பட்டிருப்போம்' என்று முடிந்திருந்தது. மண்டபத்துக்கு வாடகை உண்டு. ஒலியமைப்பாளருக்குக் கூலி உண்டு. சாப்பாட்டுக் கடைக்காரருக்கு முற்பணம் போய்விட்டது. சென்னையிலிருந்து வரும் சினிமாப் பாடகருக்கு விமானச் சீட்டும் சன்மானமும் உண்டு. அச்சகத்தாருக்கும் கட்டணம் உண்டு. அந்தப் பட்டியலில், தமிழில் வேலை செய்பவனிடம் மட்டுமே தொண்டு எதிர்பார்க்கப்பட்டது. பிழை பார்ப்பதற்கு இவ்வளவு ஆகும் என்று மரியாதையாக ஒரு தொகையைக் குறிப்பிட்டுப் பதில் எழுதினேன். மறுமொழி வரவில்லை. மலர் வந்தது. அட்டையிலேயே ஒற்றுப்பிழை இருந்தது.

'தொண்டு' என்பது அழகான சொல். தன்னிடம் இருப்பதைத் தானே விரும்பிக் கொடுப்பது தொண்டு. மற்றவன் உழைப்பை விலையின்றிப் பெறுவதற்கு அந்தச் சொல்லைப் பயன்படுத்துவது சுரண்டல். வைத்தியரிடமோ கணக்காய்வாளரிடமோ வீடு விற்றுத் தரும் தரகரிடமோ போய், 'தமிழுக்காக இலவசமாகச் செய்யுங்கள்' என்று எவரும் கேட்பதில்லை.

நாட்டிலுள்ள நிலைமை இதனினும் வேறன்று. தமிழை மட்டும் நன்கறிந்த இளைஞன் ஆசிரியபீடத்துக்கு வருகிறான். ஆங்கிலமும் அறிந்தவன் வேறு தொழிலுக்குப் போய்விடுகிறான். வந்தவனும், கல்யாண வயது நெருங்கியதும், கைக்கு வரும் சம்பளத்தைக் கணக்குப் பார்த்துவிட்டு விமானம் ஏறுகிறான். நான் பயிற்றுவித்த மிகச் சிறந்த நிருபர்களில் ஒருவர் இப்போது ஐரோப்பிய நகரொன்றில் உணவகச் சமையலறையில் நிற்கிறார். சமையல் வேலையில் இழிவில்லை. ஆனால் நிலப் பதிவேட்டை வாசித்து, எந்தக் காணி யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது என்று எழுதத் தெரிந்த ஒருவரை வளர்க்கப் பத்து ஆண்டுகள் செல்லும். அவர் போன பின்பு அந்தக் காணிகளைப் பற்றி எழுத எவருமில்லை.

பத்திரிகை முதலாளிமாரையும் நான் விட்டுவிடப் போவதில்லை. செலவைக் குறைக்கவேண்டி வந்தபோது அவர்கள் முதலில் வெட்டியது ஒப்புநோக்காளர் பகுதியை. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் அச்சு இயந்திரம் புதிதாக வந்தது. பிழை பார்க்கும் கண்கள் குறைந்தன. 'பத்திரிகைகளின் தரம் கெட்டுவிட்டது, ஏன் காசு கொடுக்கவேண்டும்' என்னும் வாசகரின் கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் காசு கொடுக்காததால் தரம் கெடுகிறது, தரம் கெட்டதால் காசு கொடுக்கவில்லை என்னும் இந்த வட்டத்தை எங்கோ ஓரிடத்தில் ஒருவர் உடைக்கவேண்டும். டொலரில் சம்பளம் வாங்குபவர்க்கு அது எளிது.

ஏனெனில் இங்கே வட்டம் மிக இறுகிவிட்டது. 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், மே மாதத்துள் சுமார் 360 ரூபாவாயிற்று. அச்சுக் கடதாசி இறக்குமதிப் பொருள். அவ்வாண்டு மார்ச்சில் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் பாடசாலைத் தவணைப் பரீட்சைகளே ஒத்திவைக்கப்பட்டன. பத்திரிகைகள் பக்கங்களைக் குறைத்து, விலையைக் கூட்டின. விளம்பரப் பணமோ அதற்கு முன்னரே கூகிளுக்கும் பேஸ்புக்குக்கும் போய்விட்டது. ஈழத்துத் தமிழ்ப் பத்திரிகைகளுக்குக் கடைசிவரை கைகொடுத்தது மரண அறிவித்தல். 'இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும், இன்ன நாட்டை வதிவிடமாகவும்' என்று தொடங்கும் அந்தப் பந்திதான் நமது இடப்பெயர்வின் உண்மையான வரலாறு என்று நான் நண்பர்களிடம் சொல்வதுண்டு. இப்போது அதுவும் தனித் தளங்களுக்குப் போய்விட்டது. நாம் தயங்காமல் பணம் கொடுத்து வெளியிடும் ஒரே தமிழ்ப் பந்தி நமது இறப்பைப் பற்றியது என்பதை எண்ணும்போது சிரிப்பு வருவதில்லை.

ஆசனமும் மேசையும்

எதிர்வாதங்களை நான் அறியேன் அல்லன். 'ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் தமிழ் இருக்கைக்காக 60 இலட்சம் அமெரிக்க டொலர் சேர்த்தோமே, 2018இல் இலக்கை எட்டினோமே; ரொறன்ரோப் பல்கலைக்கழகத்துக்கும் சேர்த்தோமே, அது வேலைக்குக் கொடுத்ததல்லவா' என்பார்கள். ஆம். அவை நற்செயல்கள். ஆய்வாளருக்கு ஊதியம் கொடுத்து அமர்த்துவது நான் கேட்கும் வகையைச் சேர்ந்ததே. ஆனால் அந்த இருக்கையில் அமரும் அறிஞர் எதனை வாசித்து ஆய்வு செய்வார்? இன்று முல்லைத்தீவில் நடப்பதை இன்று ஒருவர் தமிழில் எழுதி வைத்தால்தான், ஐம்பது ஆண்டுகளின் பின் ஹார்வர்டில் ஒருவர் அதனை ஆராயமுடியும். சாட்சி எழுதுபவனைப் பட்டினி போட்டுவிட்டு, சாட்சியத்தை ஆராய ஆசனம் அமைப்பதால் பயன் யாது?

'பிள்ளைகள் பரதம் ஆடுவதும் பாட்டுப் பாடுவதும் மரபில்லையா' என்பார்கள். மரபுதான். பனி கொட்டும் சனிக்கிழமையில் பிள்ளையைத் தமிழ்ப் பாடசாலைக்கு அழைத்துச் செல்லும் தாயை நான் வணங்குகிறேன். ஆனால் அந்தப் பிள்ளை வளர்ந்து, 'தமிழில் எழுதி வாழமுடியுமா' என்று கேட்டால் அவள் என்ன பதில் சொல்வாள்? வயிற்றுக்குச் சோறிடாத மொழியைப் பிள்ளைகள் மேடையில் வைத்துக் கும்பிடுவார்கள். வீட்டுக்குள் அழைத்து வரமாட்டார்கள்.

இந்த மேசையில் இருந்தவர்களுக்கு நாம் கொடுக்கத் தவறியது சம்பளத்தை மட்டுமல்ல. மயில்வாகனம் நிமலராஜன் 2000ஆம் ஆண்டு ஒக்டோபர் 19ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் தமது வீட்டில் எழுதிக்கொண்டிருந்த வேளையில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஐயாத்துரை நடேசன் 2004 மே 31ஆம் திகதி மட்டக்களப்பில் கொல்லப்பட்டார். தர்மரத்தினம் சிவராம் 2005 ஏப்ரலில் கொழும்பில் கடத்தப்பட்டு மறுநாள் சடலமாகக் கிடந்தார். திருகோணமலைக் கடற்கரையில் 2006 ஜனவரி 2ஆம் திகதி கொல்லப்பட்ட ஐந்து மாணவர்களின் உடல்களைப் படம் பிடித்து, அவர்கள் சுடப்பட்டே இறந்தார்கள் என்று உலகுக்குக் காட்டிய சுகிர்தராஜன், அதே மாதம் 24ஆம் திகதி கொல்லப்பட்டார். அவ்வாண்டு மே 2ஆம் திகதி உதயன் அலுவலகத்துக்குள் ஆயுததாரிகள் புகுந்து ஊழியர் இருவரைக் கொன்றனர். உலகப் பத்திரிகைச் சுதந்திர தினத்துக்கு முதல் நாள் அது. மறுநாளும் பத்திரிகை வந்தது.

இவர்களின் படங்களும் நமது மேடைகளில் உண்டு. விளக்கும் ஏற்றுகிறோம். அவர்கள் எதற்காக இறந்தார்களோ அந்த வேலையை இன்று செய்பவனுக்கு நாம் மாதம் ஒரு கோப்பிக் காசு கொடுக்கச் சித்தமாயில்லை.

ஆகவே நான் கேட்பது பெரிதொன்றுமில்லை. நீங்கள் நாள்தோறும் வாசிக்கும் தமிழ் ஏடு எதுவாயினும் அதற்குச் சந்தா கட்டுங்கள். இலவசமாகக் கிடைத்தாலும் கட்டுங்கள். பிறர் எழுதியதைப் பெயரின்றி வெட்டி ஒட்டும் தளத்தைத் திறவாதீர்கள், பகிராதீர்கள். சங்கம் நடத்துவோர், விழாச் செலவில் பத்தில் ஒரு பங்கை எழுதுபவர்க்கும் மொழிபெயர்ப்பவர்க்கும் பிழை பார்ப்பவர்க்கும் ஒதுக்குங்கள். அதனைச் சன்மானம் என்று சொல்லாமல் கூலி என்றே சொல்லுங்கள். ஊரிலே பூட்டிக் கிடக்கும் அப்பாவின் அலுமாரியில் பழைய பத்திரிகைகளோ சஞ்சிகைகளோ கிடந்தால், வீட்டை விற்கும் முன் அவற்றை எண்ணிமப்படுத்துவோரிடம் கொடுங்கள். பேப்பர்க் கடைக்குப் போடாதீர்கள். முதலாளிமாரே, ஒவ்வோர் ஏட்டுக்கும் ஓர் ஒப்புநோக்காளரையேனும் மீண்டும் அமர்த்துங்கள்.

இவற்றில் எதையும் செய்ய மனமில்லையெனில், அடுத்த தைத்திங்களில் மரபு பற்றிப் பேசாது பொங்கலை மட்டும் பொங்கி உண்ணுங்கள். அது நேர்மையான செயல். பொங்கலுக்கு அரிசி விளைத்தவனுக்காவது நாம் காசு கொடுத்திருக்கிறோம்.